இதில் புளி காயுமா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், கட்டின வீட்டின் கொல்லைப்புறத்தைப் பெயர்த்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாம். சேர்த்திருந்தால், போன தை மாதம் நான் மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டு அலங்காரப் படங்கள் அச்சிட்ட நாலு புஸ்தகங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவ்வளவு உற்சாகமாகப் பாப்பாரப்பட்டிக்கு பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே இருக்கிறது பாப்பாரப்பட்டி. என் பெரியம்மாவுக்கு அந்த ஊர்தான். வயது 74. பெரியப்பா காலமான பிறகு அந்த வீட்டில் தனியாகத்தான் வாசம். தனியாக என்று நாம்தான் சொல்கிறோம். இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கிணறு, வாரத்தில் நாலு நாள் வந்து போகும் பக்கத்து வீட்டுப் பூனை, இவ்வளவையும் விட்டுவிட்டுத் தனியாக என்று எப்படிச் சொல்லலாம் என்பது பெரியம்மாவின் கட்சி.

அந்த வீட்டில் சமையலறைக் கதவைத் திறந்து இரண்டு படி இறங்கினால், 18 அடி நீளம், 12 அடி அகலத்தில் கருங்கல் பலகைகள் பாவிய ஒரு தளம். அதைத் தாண்டித் தோட்டம். தோட்டத்தின் கோடியில் கிணறு. வாசல் திண்ணை விருந்தாளிகளுக்கு. கொல்லைத் தளம் வீட்டுக்காரிக்கு. இது நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. பாத்திரம் தேய்ப்பது அங்கே, கேழ்வரகு புடைப்பது அங்கே, வடகம் பிழிவது அங்கே, அண்டை வீட்டுக்காரியிடம் மனம் விட்டு நாலு வார்த்தை பேசுவதும் அங்கேதான். மாசி, பங்குனி வந்துவிட்டால் புளி. எங்கள் பக்கத்துப் புளிக்கு நல்ல பெயர் உண்டு. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, வெயிலில் காயப்போட்டுப் பானையில் அடைக்கிற வரையில் தர்மபுரிப் பெண்களுக்கு வேறு நினைப்பு இராது. பெரியம்மா அந்தத் தளத்தில் உட்கார்ந்து தட்டின புளியில் எத்தனை வீட்டு ரசம் கொதித்திருக்குமோ!

அந்தத் தளத்தில்தான் ஐப்பசி மழையில் அவள் வழுக்கி விழுந்தாள். கிணற்றுப் பக்கம் ஒரு கல் சாய்ந்து போயிருந்தது. அதன் மேல் பாசி. விடியற்காலை இருட்டில் வாளியும் கையுமாகப் போனவள், அப்படியே சாய்ந்துவிட்டாள். இடது மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் போட்ட டாக்டர் சொன்ன விஷயம் எங்களைக் கலக்கிவிட்டது. "கையோடு போயிற்று. அடுத்த தடவை இடுப்பாக இருந்தால் எழுந்து நடமாடுவது சிரமம். இந்தப் பக்கத்து எலும்பு வேறே!" என்றார். இந்தப் பக்கத்து எலும்பு என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பாறையில் புளோரைடு கலந்த தாதுக்கள் உண்டு. மழைத் தண்ணீர் பாறை இடுக்கில் இறங்கித் தங்கும்போது அந்தப் புளோரைடும் கரைந்து கிணற்றுக்கு வந்துவிடுகிறது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது வரையறை. அந்த அளவுக்கு மேல் வருஷக் கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. பிறகு மூட்டுக்களில் இறுக்கம். எலும்பு கனத்துப்போனாலும் உறுதி குறைந்துவிடும். காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானிய உதவியுடன் நிறைவேறி, 2013-ல் நடைமுறைக்கு வந்தது. பெரியம்மாவுக்கு அதற்குள் அறுபது தாண்டிவிட்டது. அறுபது வருஷம் குடித்த கிணற்றுத் தண்ணீர் எலும்பை விட்டு எங்கே போகும்? காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்க அவளுக்கு ஒரு தூண் வேண்டும்.

எதிர்பாராத விபத்துக்களில் உயிர் போகிறவர்களை எடுத்துக்கொண்டால், சாலை விபத்துக்கு அடுத்தபடி கீழே விழுவதனால்தான் உலகத்தில் அதிகம் பேர் போகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரையும் லாரியையும் கண்டு பயப்படுகிற நாம், நம் வீட்டுக் கொல்லைப்புறத்தைக் கண்டு பயப்படுகிறோமா?

பெங்களூரில் இருக்கும் அண்ணன், அதாவது பெரியம்மாவின் மகன், மறுநாளே வந்து சேர்ந்தான். "அம்மாவை இங்கே வைத்திருப்பது ஆபத்து. பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறேன்" என்றான். நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்வதற்கில்லை. பெரியம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பேசவில்லை. கடைசியில் நான்தான், "விழுந்தது கல்லினால்தானே? கல்லை மாற்றினால் போகிறது!" என்று வாயை விட்டேன்.

"நீதான் பத்திரிகையில் வீட்டு அலங்காரம் பற்றி எல்லாம் எழுதுகிறாயே, நீயே வந்து மாற்றிக் கொடு. அடுத்த மழை வரையில் பார்ப்போம். அம்மா இன்னொரு தடவை வழுக்கினால் நான் யார் பேச்சையும் கேட்கப் போவதில்லை" என்றான் அண்ணன்.

பத்திரிகையில் எழுதுவதற்கும் பாறையைப் புரட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

என்னிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது. பழைய கல்லையெல்லாம் பெயர்த்து எறிந்துவிட்டு, செங்காவியும் சாம்பலுமாக மாற்றி மாற்றிப் பாவும் சிமெண்டுக் கற்கள், ஓரத்தில் பூந்தொட்டிகள், நடுவில் ஒரு ஊஞ்சல். புஸ்தகத்துப் படத்தில் அப்படித்தான் இருந்தது. தர்மபுரியில் ஒரு கடையில் மாதிரிக்கு இரண்டு கல் வாங்கிக்கொண்டு வந்து பெரியம்மாவின் முன்னால் வைத்தேன். பளிச்சென்று இருந்தன.

பெரியம்மா விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது கண்ணு. இதில் புளி காயுமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்லென்றால் காயாமல் என்ன பெரியம்மா?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு உருண்டை புளி எடுத்து, தண்ணீர் தெளித்து, அந்தச் செங்காவிக் கல்லின் மேல் அப்பி வைத்தாள். இன்னொரு உருண்டையைப் பழைய கருங்கல்லின் மேல் வைத்தாள்.

காலையில் எடுத்துப் பார்த்தோம். சிமெண்டுக் கல்லில் புளி இருந்த இடம் மட்டும் வெளுத்து, விரலை வைத்தால் பொடிப் பொடியாக உதிர்ந்தது. புளியின் அடிப்பக்கம் சிவப்பாய், மண் ஒட்டினாற்போல் நறநறவென்று இருந்தது. கருங்கல்லில் ஈரம் பட்ட அடையாளம் தவிர வேறு ஒன்றும் இல்லை.

காலேஜில் ரசாயனம் படித்தவள் நான். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புளியிலே டார்ட்டாரிக் அமிலம் இருக்கிறது. சிமெண்டு இறுகி நிற்பது சுண்ணாம்புச் சத்தினால். அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சண்டைதான். பித்தளைப் பாத்திரத்தில் புளி போட்டுத் தேய்க்கிற பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டுமா? "சரி, கடப்பைக் கல் போடலாம், கறுப்பாக அழகாக இருக்கும்" என்று அடுத்த யோசனையை எடுத்தேன். கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்ததுதான், அதிலும் புளி தன் வேலையைக் காட்டும் என்று மேஸ்திரி வந்து சொன்னார். புஸ்தகங்கள் நாலையும் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். வந்த அன்றைக்கு ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தளத்தின் மேல் ஊற்றிவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடுக்கில் சட்டென்று மறைகிறது என்று பார்க்கிறாராம். நம் வீட்டில் ஒரு பிளம்பரோ கொத்தனாரோ வந்தவுடன் சுத்தியலை எடுத்தால் சந்தோஷப்படுகிறோம். சும்மா நின்று பார்க்கிற ஆசாமிக்குக் கூலி கொடுக்க மனம் வருவதில்லை. ஆனால் பாருங்கள், வேலை நடந்தது அந்த அரை மணியில்தான்.

"கல்லு மேலே தப்பில்லீங்கம்மா. தப்பு அடியிலே இருக்குது. வாட்டமும் செத்துப் போச்சு" என்றார்.

வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. மறுநாள் கடப்பாரை போட்டுக் கிணற்றுப் பக்கத்துக் கற்களை நெம்பினார்கள். ஒரு கல் ஏறக்குறைய மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குலக் கனம். எடை எண்பது, தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கினால் அடியில் என்ன இருந்தது என்கிறீர்கள்? ஒன்றுமே இல்லை! ஒரு பெருச்சாளி ராஜ்யம். கை நுழைகிற அளவுக்குச் சுரங்கங்கள். சமையலறைச் சாக்கடை எப்போதோ அடைபட்டுப் போய், தண்ணீர் அந்தச் சுரங்கங்களின் வழியே ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. போதாக்குறைக்கு முருங்கை வேர் ஒன்று தொடைக் கனத்துக்கு வந்து இரண்டு கல்லை மேலே தூக்கிவிட்டிருந்தது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு. அதற்கு மேலே என்ன கல்லைப் பாவினாலும், பளிங்கையே பாவினாலும், இரண்டு மழையில் இதே கதிதான். பெருச்சாளிக் குடும்பம் இடம் மாறிப் போயிற்று. தேள்கள் மட்டும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்றாக வரவேற்றன. சித்தாள் பெண் ஒருத்தி அவற்றைச் செருப்பால் அடித்துவிட்டுப் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்குத்தான் திண்ணையை விட்டு இறங்க அரை நாள் ஆயிற்று.

மொத்தம் 48 கல். மேஸ்திரி சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டார். ஒன்பது உடைந்திருந்தன. சில நடுவில் குழிந்து தண்ணீர் தேங்கும்படி தேய்ந்திருந்தன. மிச்சத்தைப் புரட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு ஒதுக்கினார். நல்ல கல் மணி போல் 'கிண்' என்கிறது. விரிசல் விட்ட கல் 'டப்' என்கிறது. மண்பானை வாங்கும்போது நாம் செய்கிற பரீட்சைதான்.

இந்தக் கல்லெல்லாம் மெஷினில் அறுத்ததல்ல. பாறையின் மேல் விறகை அடுக்கித் தீ மூட்டிச் சூடேற்றினால், மேல் தட்டு விரிந்து அடிப்பாறையை விட்டுக் கிளம்பும். பிறகு உளி வைத்து அளவுக்குப் பிளந்துகொள்வார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் தளத்துக்கும், சில இடங்களில் கூரைக்கும், தோட்டத்து வேலிக்கும்கூட இந்தக் கல் பலகைதான். பல் கறைப்பட்டதும் மூட்டு இறுகியதும் எந்தப் பாறையினாலோ, அதே பாறையின் மேல்தான் அறுபது வருஷமாகப் பெரியம்மா புளி உலர்த்தியிருக்கிறாள். இதை அவளிடம் சொன்னேன். "அதுக்கென்ன பண்றது? கல்லு நமக்குச் சோறும் போட்டிருக்குது" என்று சொல்லிவிட்டுக் களி கிண்டப் போய்விட்டாள்.

இனி, எந்தப் புதுக் கல் என்பது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கல் அறுக்கும் பட்டறை ஒன்றுக்கு மேஸ்திரியும் நானும் போனோம். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் ஊதாவும் சாம்பலும் கலந்த கல் பலகைகள் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி நின்றன. எனக்கு மறுபடியும் சபலம் தட்டியது. மேஸ்திரி ஒரு குவளைத் தண்ணீரை அதன் மேல் ஊற்றி, "செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்கம்மா" என்றார். ஒரு அடிதான் வைத்தேன். அவர் கையைப் பிடித்திராவிட்டால் பெங்களூர் அறைக்கு நான் போயிருக்க வேண்டியதுதான்.

அதே கல்லை அறுத்து, பாலிஷ் போடாமல், மேல் முகத்தில் வாயு அடுப்பின் தீயைப் போலப் பீறிடும் ஜ்வாலையைக் காட்டுகிறார்கள். சூட்டில் கல்லுக்குள் இருக்கும் படிகத் துகள்கள் விரிந்து, மேல் பொருக்கு சடசடவென்று தெறித்துவிடுகிறது. முகம் சொரசொரப்பாகிவிடும், ஈரத்திலும் கால் பிடிக்கும். தாத்தா காலத்தில் பாறையைப் பிளந்த தீயின் வித்தைதான், குழாயிலிருந்து வருகிறது. இரண்டு அங்குலக் கனத்தில், பழைய கல்லின் அளவுக்கே அறுத்துத் தரச் சொன்னோம்.

எல்லாவற்றையும் புதிதாகவே போட்டுவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தடை சொன்னது பெரியம்மா. சொரசொரப்புக் கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நடக்கறதுக்கு இது தேவலாம். புளி இதில் ஆவாது. நாரும் தோலும் பொடிப் பொடியா ஒட்டிக்கும், கூட்டினா வராது. அதுக்குத் தேய்ஞ்ச கல்லுதான்" என்றாள்.

அவள் சொன்ன பிறகு தளத்தை ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். கிழக்குப் பாதியில் காலையிலிருந்து மாலை வரையில் வெயில். அங்கே பாசியே கிடையாது. மேற்குப் பாதியில் முருங்கையும் தென்னையும் நிழல் கவிந்து, கிணற்றிலிருந்து வருகிற ஈரமும் சேர்ந்து, வழுக்குவது எல்லாம் அங்கேதான். காயப்போடுகிற இடம் வேறு, நடக்கிற இடம் வேறு. நான் ஒரு தளத்தைப் பார்த்தேன். பெரியம்மாவுக்கு அது எப்போதும் இரண்டு தளம். ஆகவே கிழக்கில் 24 பழைய கல், மேற்கில் 24 புதுக் கல் என்று தீர்மானமாயிற்று. உடையாமல் மிஞ்சிய பழைய கற்களைத் தோட்டத்தின் நடுவே கிணற்றடி வரையில் நடைபாதையாகப் போட்டோம்.

கல் வருவதற்கு ஒரு வாரம் பிடித்தது. வேலை இல்லாத அந்தச் சாயங்காலங்களில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் வரையில் நடந்து போவேன். வத்தலக்குண்டில் பிறந்த சிவா, சிறைவாசம் கொடுத்த தொழுநோயுடன் ஊர் ஊராகச் சுற்றினார். ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் தடுத்தபோது கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் போனார். பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் ஏற்படுத்தி, 1925 ஜூலை 23-ல் இங்கேயே கண்ணை மூடினார். பாரத மாதாவுக்கு இந்த ஊரில் ஓர் ஆலயம் எழுப்பவேண்டும் என்பது அவருடைய கனவு. 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். நினைவாலயமாக அது எழும்பித் திறக்கப்பட்டது 2021-ல். ஒரு கல்லை வைத்துவிட்டு அடுத்த கல்லுக்கு 98 வருஷம் காத்திருந்த ஊரில், ஒரு வாரத் தாமதத்துக்கு நான் மேஸ்திரியைக் கோபித்துக்கொண்டது எனக்கே வெட்கமாக இருந்தது.

வேலை மறுபடி தொடங்கிற்று. சுரங்கங்களைத் தோண்டி, உடைந்த ஓடும் ஜல்லியும் போட்டு இறுக அடைத்தார்கள். பெருச்சாளி மறுபடி தோண்டாதபடி ஓரம் முழுவதும் ஒரு அடி ஆழத்துக்குக் கருங்கல் கட்டு. முருங்கை வேரை வெட்டினால் மரம் பட்டுப்போகுமோ என்று பெரியம்மா கவலைப்பட்டாள். மேலே வந்த வேரை மட்டும் எடுத்தார்கள். மரம் ஒன்றும் சொல்லவில்லை. மண்ணைத் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இரண்டு நாள் இடித்தார்கள். அதன் மேல் நாலு அங்குலம் ஜல்லி. அதற்கும் மேல் இரண்டு அங்குலம் எம்-சாண்ட் என்கிற, கல்லை அரைத்த மணல். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்று நூல் கட்டினார்கள். வீட்டுச் சுவரிலிருந்து தோட்டத்து ஓரம் போவதற்குள் மூன்று அங்குலம் இறங்குகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை, காலுக்கும் தெரியவில்லை. தண்ணீருக்கு மட்டும் தெரிகிறது. புதுக் கல் இரண்டு அங்குலம், பழைய கல் மூன்று அங்குலம் என்பதால் இரண்டும் சந்திக்கிற இடத்தில் நகம் இடறாமல் பார்த்துக்கொள்வதற்கு மேஸ்திரி பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுதவேண்டும்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை என்ன செய்வது என்பதில் மட்டும் சண்டை மூண்டது. அண்ணன் தினந்தோறும் டெலிபோனில் முகத்தைக் காட்டிக்கொண்டு வேலையை மேற்பார்வை பார்த்து வந்தான். "எல்லா இடுக்கையும் சிமெண்டு போட்டு அடைத்துவிடு. புல் முளைக்காது, பூச்சி வராது" என்றான். மேஸ்திரி ஒப்பவில்லை. முழுக்க அடைத்துவிட்டால் 216 சதுர அடியில் விழுகிற மழை அத்தனையும் தெருவுக்குப் போகும், கிணற்றுக்கு ஒரு சொட்டு இறங்காது என்றார். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்பு அமைக்க வேண்டும் என்று 2003-ல் சட்டமே வந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எத்தனை வீட்டில் அந்தக் குழி இன்னும் குழியாக இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. எங்கள் வீட்டுக் குழியில் இப்போது கறிவேப்பிலை இருக்கிறது. இங்கேயும் பெரியம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். புளியும் கேழ்வரகும் கொட்டுகிற கிழக்குப் பக்கம் இடுக்கில் தானியம் இறங்கக் கூடாது, ஆகவே சிமெண்டு. நடக்கிற மேற்குப் பக்கம் வெறும் மணல். தளத்தின் ஓரத்தில் ஒரு சிறு வாய்க்கால்; அது போய்ச் சேருகிற இடத்தில், கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு உறிஞ்சு குழி. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தனியாகத் தென்னைக்குப் போகிறது.

கடைசிக் கல் வைத்த அன்று ராத்திரி, தளத்திலே பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தோம். பகல் வெயிலின் சூடு கல்லிலிருந்து பாய் வழியே ஏறி வந்துகொண்டிருந்தது. இடுப்புக்கு இதமாயிருக்கிறது என்றாள் பெரியம்மா. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏன் கண்ணு, கல்லு போட்டாச்சே. இனிமே பெங்களூர் போவ வேண்டாமில்லே?" என்று திடீரென்று கேட்டாள்.

மூன்று வாரமாக ஜல்லி, மணல், வாட்டம் என்று என்னோடு மல்லுக்கு நின்றவள், ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. நான் என்ன சொல்வது? "மழை வரட்டும் பெரியம்மா, பார்க்கலாம்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு பல நாள் நினைத்ததுண்டு.

மேஸ்திரியிடம் சொல்லிச் சமையலறைப் படியிலிருந்து கிணறு வரையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடி வைக்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். படத்தில் பார்த்த ஊஞ்சலுக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. மாசி மாதம் கிழக்குப் பக்கத்துக் கற்கள் முழுவதும் புளி பரப்பியிருக்கும் படம் ஒன்று பக்கத்து வீட்டுப் பெண் மூலம் டெலிபோனில் வந்தது.

ஐப்பசி வந்தது. ஆறு நாள் விடாமல் மழை. சென்னையில் நான் ஆபீஸில் உட்கார்ந்து அச்சுப் பிழை திருத்திக்கொண்டு, டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் மனம் கேட்காமல் ராத்திரி பஸ்ஸில் புறப்பட்டுப் போய் இறங்கினேன். விடியவில்லை, தூறிக்கொண்டிருந்தது. வாசல் கதவு சாத்தியிருந்தது. சந்து வழியாகக் கொல்லைக்குப் போனேன். தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, ஒரு கை கைப்பிடியில், ஒரு கையில் வாளியுமாகப் பெரியம்மா கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நனைந்த கல்லின் மேல் வெறுங்காலோடு, அவசரமே இல்லாமல். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து இடறிவிடப் போகிறாளே என்று, அவள் படி ஏறுகிற வரையில் நான் வாயைத் திறக்கவில்லை.

"எப்ப வந்தே கண்ணு? நனைஞ்சுக்கிட்டு நிக்கறியே!" என்று கோபித்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தான். தளத்தில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தான். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி நடந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது அண்ணிதான் சொன்னாள்: பெங்களூரில் அத்தைக்காக ஒழித்து வைத்திருந்த அறையில் பையன் படிப்பதற்கு மேஜை போட்டுவிட்டார்களாம். பெரியம்மா அவளுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.